புறம்போக்குக் கணக்கு: காஞ்சிபுரத்தின் நிலம் மாறிய கதை

காஞ்சிபுரம் என்றவுடன் வெளியூர் நண்பர்களுக்கு இரண்டு விஷயம் நினைவுக்கு வரும். ஒன்று கோயில், இன்னொன்று பட்டுப் புடவை. எனக்கு மூன்றாவதாக ஒன்றும் வரும். அது தெரு.

என் தாத்தா வீடு பிள்ளையார்பாளையத்தில். சின்ன வயதில் லீவுக்குப் போனால், விடிந்தும் விடியாத நேரத்திலேயே தெரு நீளத்துக்குப் பாவு நீட்டிக் கட்டியிருப்பார்கள். பட்டு இழைகளுக்குக் கஞ்சி போட்டு, சிக்கெடுத்து, அறுந்த இழையை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துவிட வேண்டும். மூன்று சேலைக்கான பாவு என்றாலே 18 கஜத்துக்கு மேல் வரும். எந்த வீட்டுக்குள் அவ்வளவு இடம் இருக்கிறது? அதனால் தெருதான் பட்டறை. சைக்கிளில் வருகிறவர்கூட இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

சமீபத்தில் ஒரு கல்லூரி வேலைக்காகக் காஞ்சிபுரத்தின் பழைய செயற்கைக்கோள் படங்களையும் நிலப் பயன்பாட்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாத்தா தெரு இருக்கும் இடம் சிவப்பாக இருந்தது. சிவப்பு என்றால் ‘கட்டடப் பகுதி’. பழைய படத்திலும் சிவப்பு, புதிய படத்திலும் சிவப்பு. பாவு நீட்டிய காலத்திலும் சிவப்பு, வரிசையாக பைக் நிற்கிற இந்தக் காலத்திலும் சிவப்பு. வரைபடத்தைப் பொறுத்தவரை அங்கே எதுவுமே நடக்கவில்லை!

ஒரு ஊரின் நிலம் மாறியதை யார், எந்தத் தலைப்பில் எழுதி வைத்தார்கள், எதை எழுதாமல் விட்டார்கள் என்று அப்போதுதான் தேட ஆரம்பித்தேன். பி.காம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். உள்ளே போய்ப் பார்த்தால் இதுவும் ஒரு கணக்குப் புத்தகம்தான்.

ஆரம்ப இருப்பு, இறுதி இருப்பு

சாதாரண வரைபடம் ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று சொல்லும். பட்டா அது யாருடையது என்று சொல்லும். நிலப் பயன்பாட்டு வரைபடம் சொல்வது வேறு: அந்த இடத்தை மனிதர்கள் எதற்காகப் பயன்படுத்துகிறார்கள். வயலா, ஏரியா, வீடா, தோப்பா, தொழிற்சாலையா. இரண்டு வெவ்வேறு வருடங்களின் படங்களை ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் எது எதுவாக மாறியது என்று தெரிந்துவிடும். எங்கள் பாஷையில் சொன்னால், முதல் படம் ஆரம்ப இருப்பு, இரண்டாவது படம் இறுதி இருப்பு.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் டட்லி ஸ்டாம்ப் என்ற ஆங்கிலேயப் புவியியல் பேராசிரியர். 1930களில் பிரிட்டன் முழுவதையும் வயல் வயலாக வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று கிளம்பினார். ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. பள்ளிப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் கூப்பிட்டார். அவர்கள் ஊர் ஊராக நடந்து, கண்ணால் பார்த்து, ஒவ்வொரு வயலிலும் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது எங்கே கூடுதலாக உழலாம் என்று பார்க்க அந்தப் படங்கள் உதவின.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. கணக்கியலில் முதல் வருடமே சொல்லிக் கொடுப்பார்கள்: இந்த வருடம் ஒரு தலைப்பு, அடுத்த வருடம் வேறு தலைப்பு என்று மாற்றினால் இரண்டு வருடத்தையும் ஒப்பிட முடியாது. நிலத்துக்கும் இதே கதைதான். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இரண்டு வெவ்வேறு பொருளை ஒரே தலைப்பில் போட்டுவிட்டால், ஒன்று போய் இன்னொன்று வந்தது கணக்கில் தெரியவே தெரியாது. காஞ்சிபுரத்தில் நடந்தது அதுதான் என்பது என் வாதம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கல்லிலும் செப்பிலும்

ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், காஞ்சி நகரின் சுற்றளவு சுமார் 30 லி என்று எழுதி வைத்திருக்கிறார். லி என்பது சீன தூர அளவு. அப்போது இது பல்லவர் தலைநகரம். கைலாசநாதர் கோயிலை ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டிக் கட்டினான். ஏகாம்பரநாதர் கோயிலின் பெரிய ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் காலத்தது, 1509. நடுவே 800 வருடம். அத்தனை காலமும் ஊர் கோயில்களைச் சுற்றியே வளர்ந்தது.

சிவ காஞ்சி, விஷ்ணு காஞ்சி, ஜின காஞ்சி என்று மூன்று காஞ்சிகள். பேச்சு வழக்கில் பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம். ஜின காஞ்சி எனப்படும் திருப்பருத்திக்குன்றம் வேகவதி ஆற்றுக்கு அப்பால் தனியாக இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்த நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ், காஞ்சியின் அமைப்பைப் பார்த்து வியந்து பாராட்டினார். கோயில்கள் பெரியவை என்பதற்காக மட்டும் அவர் பாராட்டவில்லை. கோயில், மாட வீதி, வீடு, தோட்டம், குளம் எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஒரு திட்டமாக இருந்ததுதான் அவரைக் கவர்ந்தது.

அந்தக் காலத்தில் வரைபடம் கிடையாது. நிலத்தை வார்த்தையால் வரைந்தார்கள். கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் கீழெல்லை, தென்னெல்லை, மேலெல்லை, வடவெல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எந்த வாய்க்காலுக்கு மேற்கே, எந்த வழிக்குத் தெற்கே என்று எழுதுவார்கள். கொடுக்கப்பட்ட நிலத்தில் கிணறு, மரம், புற்று, மேடு எல்லாம் அடக்கம். உடும்பு ஓடுகிற இடமும் ஆமை தவழ்கிற இடமும் சேர்த்து என்று ஒரு வாசகம் அடிக்கடி வரும். வறண்ட மேடும் ஈரமான பள்ளமும் இரண்டுமே கணக்கில் உண்டு என்று அர்த்தம்.

நெசவாளர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடு பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. காஞ்சியின் ஊரகப் பெருமாள் கோயில் (இன்றைய உலகளந்த பெருமாள் கோயில்) காரியங்களைப் பார்க்கும் பொறுப்பு நெசவாளர்கள் வாழ்ந்த சேரிகளிடம் ஒப்படைக்கப்பட்டதை அது பேசுகிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்பே இந்த ஊரில் ‘இது நெசவாளர் இருக்கும் பகுதி’ என்று எழுத்தில் இருந்திருக்கிறது.

பார்னார்டின் கணக்கு

அடுத்த கட்டம் எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது. 1763ல் ஆற்காடு நவாப் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். காஞ்சிபுரம் அதில் அடக்கம். கையில் கிடைத்த சொத்தில் என்ன இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டும் அல்லவா? 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்ட் என்ற பொறியாளர் ஜாகீர் முழுவதையும் அளந்தார். சுமார் 2,000 ஊர்கள்.

ஊர்க் கணக்குப்பிள்ளைகள் வைத்திருந்த ஓலைச்சுவடிக் கணக்குகளும் இந்த அளவையோடு சேர்ந்தவை. இவற்றை இரண்டு நூற்றாண்டு கழித்து ஆய்வாளர் தரம்பால் எடுத்துப் பேசிய பிறகுதான் வெளியில் பலருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு ஊருக்கும் மொத்த நிலம் எவ்வளவு, அதில் மலை, காடு, ஆறு, ஏரி குளம், வாய்க்கால், வீட்டு மனை, தோட்டம், நஞ்சை, புஞ்சை, மானியம் போன்றவை எவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். எத்தனை வீடு, யார் யார் என்ன தொழில் என்பதும் உண்டு. ‘நிலப் பயன்பாட்டு ஆய்வு’ என்ற பெயர் வருவதற்கு 150 வருடத்துக்கு முன்பே, ஸ்டாம்பின் பிள்ளைகள் நடப்பதற்கு முன்பே, நம் ஊர்களுக்கு இப்படி ஒரு ஆரம்ப இருப்பு இருந்திருக்கிறது!

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஏரிக்குத் தனித் தலைப்பு. வீட்டுக்குத் தனித் தலைப்பு.

அந்த இருப்பு சீக்கிரமே குலைந்தது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியின் படையும் திப்புவின் படையும் சேர்ந்து கர்னல் பெய்லியின் படையை அடியோடு தோற்கடித்தன. காஞ்சியில் இருந்த ஹெக்டர் மன்றோ, தன்னுடைய கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் பின்வாங்கினார். சுற்றுவட்டார ஊர்கள் பாழாயின. 1794ல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் இறங்கியதற்குக் காரணம் கருணை என்று நினைக்க வேண்டாம். ஏரி நிரம்பினால்தான் நெல், நெல் வந்தால்தான் வரி. அந்தக் காலக் கம்பெனிக்கும் ஏரி ஒரு சொத்து என்று தெரிந்திருந்தது.

புறம்போக்கு என்ற தலைப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயத்வாரி முறை வந்தது. புலம் புலமாக அளந்து, எண் போட்டு, ஒவ்வொரு புலத்துக்கும் தீர்வை விதித்தார்கள். வரி வரும் நிலம் நஞ்சை, புஞ்சை. வரி வராத நிலமெல்லாம் புறம்போக்கு.

இந்த வார்த்தையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். புறத்தே போனது. எதற்குப் புறத்தே? வரிக் கணக்குக்குப் புறத்தே. இன்று நாம் இதை ஒரு வசவாகவே பயன்படுத்துகிறோம். ஆனால் அந்தத் தலைப்பின் கீழ் இருந்தவை என்னென்ன? ஏரி, குளம், வாய்க்கால், ஆற்றுப் படுகை, மேய்ச்சல் நிலம், களத்துமேடு, சுடுகாடு, தெரு. ஊர் உயிரோடு இருக்கத் தேவையான அத்தனையும்! ஒருவருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் தேவை.

1905ல் வந்த சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம் தெருக்கள், ஆற்றுப் படுகைகள், குளங்கள் போன்றவை அரசின் சொத்து என்று அறிவித்தது. சொந்தக்காரர் கிடைத்துவிட்டார் என்று சந்தோஷப்படலாம். ஆனால் கோட்டையில் இருக்கிற சொந்தக்காரருக்கு ஒரு வரத்துக் கால்வாயில் மண் விழுந்தது தெரிய வழியில்லை. தெரிந்தவர்களுக்கு அது இனி சொந்தமில்லை.

இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். சுதந்திரத்துக்குப் பிறகு நாடு முழுவதும் நிலப் புள்ளிவிவரத்தை ஒரே மாதிரி எழுத ஒன்பது வகைப் பகுப்பு வந்தது. காடு, சாகுபடிக்கு ஏற்றதல்லாத நிலம், மேய்ச்சல் நிலம், தரிசு, நிகர சாகுபடிப் பரப்பு என்று போகும். அதில் ஒரு வகை ‘வேளாண்மை அல்லாத பயன்பாட்டில் உள்ள நிலம்’. அதற்குள் என்ன வரும் தெரியுமா? கட்டடம், சாலை, ரயில் பாதை. கூடவே ஆறு, கால்வாய் என்று தண்ணீர் நிற்கிற, ஓடுகிற நிலமும் அதே வகைதான்.

அதாவது ஒரு குளத்தைத் தூர்த்து அதன் மேல் கட்டடம் கட்டினால், புள்ளிவிவரத்தில் ஒரு சென்ட் கூட மாறாது. நேற்றும் ‘வேளாண்மை அல்லாத பயன்பாடு’, இன்றும் அதே. ரொக்கத்தையும் கடனையும் ஒரே தலைப்பில் எழுதுகிற கணக்கரை எந்தக் கம்பெனியாவது வேலையில் வைத்திருக்குமா? விவசாயக் கணக்குக்காக உருவாக்கிய பகுப்பு அது, அந்த வேலைக்குச் சரியானதுதான். ஆனால் தண்ணீரின் கதையை அதில் தேடினால் கிடைக்காது. 1767ல் தனித்தனியாக இருந்த இரண்டு தலைப்பு, இருபதாம் நூற்றாண்டில் ஒன்றாகிவிட்டது.

வானத்திலிருந்து பார்த்தால்

சரி, செயற்கைக்கோள் பொய் சொல்லாதே என்று கேட்கலாம். 1972ல் அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் ஏவப்பட்டது. 1988ல் நம்முடைய ஐ.ஆர்.எஸ். 1ஏ. 2008 முதல் லேண்ட்சாட் படங்கள் முழுவதும் இலவசம். கம்ப்யூட்டர் இருக்கிற எந்த மாணவனும் தன் ஊரின் பழைய படங்களை எடுத்துப் பார்க்கலாம். பெரிய வரம்தான்.

ஆனால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஆரம்ப கால லேண்ட்சாட்டில் ஒரு புள்ளி, அதாவது ஒரு பிக்சல், தரையில் சுமார் 80 மீட்டருக்கு 80 மீட்டர். 6,400 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். அதற்குள் இருப்பதெல்லாம் ஒரே நிறம்! 1980களில் வந்த லேண்ட்சாட்டில் 30 மீட்டர், அதாவது ஒரு புள்ளிக்கு 22 சென்ட். ஒரு சின்னக் குளம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். 2015ல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்டினல் 2ல் 10 மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். ஒரு வீட்டு மனை அளவுக்கு வந்துவிட்டோம். ஆனால் பழைய படங்களைத் திரும்ப எடுக்க முடியாதே!

இன்னொரு சிக்கல் பருவம். நம் ஏரிகள் வருடம் முழுவதும் நிரம்பியிருப்பவை அல்ல. டிசம்பரில் எடுத்த படத்தில் நீலமாக இருப்பது மே மாதப் படத்தில் வெறும் மண்ணாக இருக்கும். கம்ப்யூட்டர் அதைத் ‘தரிசு’ என்று எழுதிவிடும். கோடையில் எடுத்த படத்தை மட்டும் பார்ப்பவர் ‘இங்கே எதுவும் இல்லை, காலி இடம்’ என்று முடிவு செய்வார். புறம்போக்கு என்ற பழைய தவறு புதிய கலரில் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

பழைய வரைபடத்தைப் புதிய படத்தின் மேல் பொருத்துவதற்கு நகராத அடையாளங்கள் வேண்டும். காஞ்சியில் அதற்குக் கஷ்டமே இல்லை. கோபுரங்களும் மாட வீதிகளும் இருக்கின்றன. லாம்டன் 1802ல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய அந்தப் பெரிய முக்கோண நில அளவையிலும், சமவெளியில் உயரம் வேண்டும் என்பதற்காகக் கோயில் கோபுரங்களில் ஏறித்தான் அளந்தார்கள். அளவைக்காரர்களுக்கு கோபுரம் எப்போதும் துணை.

காஞ்சியில் மாறியது

1901 கணக்கெடுப்பில் காஞ்சிபுரத்தின் மக்கள் தொகை 46,164. 2011ல் சுமார் 1 லட்சத்து 64 ஆயிரம். 1866ல் நகராட்சியான ஊர் 2021ல் மாநகராட்சி ஆனது. நடுவில் 2011ல் செவிலிமேடு, ஓரிக்கை, நத்தப்பேட்டை போன்ற பக்கத்து ஊர்கள் நகரோடு இணைக்கப்பட, சுமார் 11.6 சதுர கிலோமீட்டராக இருந்த எல்லை சுமார் 36 சதுர கிலோமீட்டராக விரிந்தது. மும்மடங்கு!

இந்த விரிவில் வயல்கள் மனைகளானதை எந்த வரைபடமும் காட்டிவிடும். பச்சை சிவப்பாவது கண்ணில் படும். கண்ணில் படாதது தண்ணீர் வழி. ஊருக்குள் ஓடுகிற மஞ்சள்நீர் கால்வாயைப் பாருங்கள். மழைநீரைக் கொண்டு போக வேண்டிய கால்வாய், கழிவுநீர் ஓடையாகிவிட்டது. அந்தக் கழிவு போய்ச் சேரும் இடங்களில் நத்தப்பேட்டை ஏரியும் ஒன்று. படத்தில் கால்வாய் கால்வாயாகவே இருக்கிறது, ஏரி நீலமாகவே இருக்கிறது. பயன்பாடு முழுக்க மாறிவிட்டது.

வேகவதியின் கதை இன்னும் கனமானது. பாலாற்றோடும் செய்யாற்றோடும் திருமுக்கூடலில் சேரும் ஆறு இது. வேகமாகப் பாய்ந்து வந்த வேகவதியின் குறுக்கே பெருமாள் அணையாகப் படுத்துத் தடுத்தார் என்பது திருவெஃகா யதோத்காரி கோயிலின் தல புராணம். இந்த ஆற்றில் வெள்ளம் வரும் என்று ஊருக்குப் பழங்காலத்திலேயே தெரிந்திருக்கிறது. பிற்காலத்தில் வருடத்தில் பெரும்பகுதி வறண்டு கிடந்ததால் கரையிலும் படுகையிலும் வீடுகள் வந்தன. வந்தவர்கள் யார்? நகருக்குள் வாடகை கொடுக்க முடியாத கூலித் தொழிலாளர்களும் நெசவாளர்களும். 2015 மழையிலும் 2021 மழையிலும் ஆறு தன் இடத்தைக் கேட்டு வந்தது.

ஆக்கிரமிப்பு அகற்றல் பேச்சு எழுந்தபோது அந்தக் குடும்பங்களுக்காக நகருக்கு வெளியே கீழ்க்கதிர்ப்பூரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. வெள்ளத்தில் இருந்து பாதுகாப்பு, சரிதான். ஆனால் அடுக்குமாடி வீட்டில் தறிக் குழியை எங்கே தோண்டுவது? தினக்கூலிக்காரர் காலையில் ஊருக்குள் எப்படி வருவது? ஆறும் வேண்டும், மனிதரும் வாழ வேண்டும். இரண்டையும் ‘காலி இடம்’ என்று எழுதி வைத்திருந்த கணக்குதான் இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது.

எதிர்மாறான உதாரணமும் இதே ஊரில் இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளம். 40 வருடத்துக்கு ஒரு முறை அத்திவரதர் அந்தக் குளத்திலிருந்து வெளியே வருகிறார். 1979க்குப் பிறகு 2019ல் வந்தார். 48 நாள் தரிசனம், நாடு முழுவதும் இருந்து மக்கள் வெள்ளம். அந்தக் குளத்தை யாராவது தூர்க்க முடியுமா? முடியாது. ஏனென்றால் அதைக் கேட்க ஆள் இருக்கிறது. அதற்கு ஒரு பெயர், ஒரு பயன், ஒரு கணக்கு, ஒரு தேதி இருக்கிறது. பெயர் இல்லாத தாங்கலுக்கும் ஊர்க் குட்டைக்கும் அந்தப் பாக்கியம் இல்லை.

சில சமயம் பெயர் மட்டும் மிஞ்சும். பெங்களூர் நெடுஞ்சாலையில் காஞ்சிக்குத் திரும்புகிற இடம் பொன்னேரிக்கரை. தினமும் ஆயிரம் பேர் கண்டக்டரிடம் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறார்கள். ஏரியின் கரையில் இறங்குகிறோம் என்று எத்தனை பேர் நினைப்பார்கள்?

தறியும் தெருவும்

மறுபடி தாத்தா தெருவுக்கு வருகிறேன்.

காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காஞ்சிபுரம் என்ற இடத்தின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு. நல்ல விஷயம். ஆனால் அந்த இடத்துக்குள் சேலை எங்கே உருவாகிறது? வீட்டின் முன்கட்டில் குழித்தறி. வாசலில் பாவு. தறிக் குழியைச் சிமெண்ட் போட்டு மூடி டைல்ஸ் ஒட்டினால், அந்த வீடு தொழிற்கூடமாக இருந்தது முடிந்தது, வெறும் குடியிருப்பு ஆகிவிட்டது. இது ஒரு நிலப் பயன்பாட்டு மாற்றம்தான். தொழில் நிலம் குடியிருப்பு நிலமாக மாறியிருக்கிறது. எந்தச் செயற்கைக்கோளும் கூரைக்குக் கீழே பார்க்காது.

ஏன் மூடினார்கள் என்பதற்குக் காரணம் ஊருக்கு வெளியேயும் இருக்கிறது. ஹூண்டாய் 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014ல் மூடப்பட்டது. ஷிப்டு பஸ் காஞ்சிபுரத் தெருக்களுக்கே வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எங்கள் மாமா அந்த பஸ்ஸில் ஏறியதை நான் குறை சொல்ல மாட்டேன். நாளெல்லாம் குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்தவருக்குத்தான் முதுகு வலி தெரியும். ஆனால் 40 கிலோமீட்டர் தள்ளி ஒரு வயல் தொழிற்சாலையானது வரைபடத்தில் பெரிதாகத் தெரிகிறது. அதனால் எங்கள் தெருவில் தறிகள் நின்றது தெரியவில்லை. இரண்டும் ஒரே வரவு செலவின் இரண்டு பக்கம். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அது இரட்டைப் பதிவு முறை இல்லையே!

இப்போது எதற்கு இந்தக் கணக்கு?

பழங்கதை பேசுவதற்காக இதை எழுதவில்லை. 2022ல் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் என்று அறிவிக்கப்பட்டது. 13 கிராமங்கள், 5,000 ஏக்கருக்கு மேல். ஏகனாபுரம் மக்கள் அன்றிலிருந்தே எதிர்ப்புத் தெரிவிக்கத் தொடங்கினார்கள். அந்த நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அரசுப் புறம்போக்கு. பட்டா நிலத்துக்கு இழப்பீடு உண்டு, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேரம் பேச ஒரு தொகையாவது இருக்கிறது. புறம்போக்கில் அடங்கிய ஏரிக்கும் கால்வாய்க்கும் என்ன தொகை? யாரிடம் கொடுப்பது? விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். ஆனால் எதை இழக்கிறோம் என்ற பட்டியலில் தண்ணீருக்கு ஒரு தனி வரி வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

ஏரிகளைப் பாதுகாக்க 2007ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. சட்டம் வேலை செய்ய வேண்டும் என்றால் முதலில் அந்த ஏரி எங்கே, எவ்வளவு, எந்த வழியாகத் தண்ணீர் வருகிறது என்ற பதிவு வேண்டும். பதிவு இல்லாத சொத்தை ஆடிட்டர் எப்படித் தேடுவார்?

நம்மால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. ஸ்டாம்ப் செய்த மாதிரி நடப்பது. ஒரு தெருவுக்கு இரண்டு மாணவர்கள், கையில் ஒரு நோட்டு, போனில் ஒரு வரைபடம். இந்த வீட்டில் தறி ஓடுகிறதா, குழி மூடிவிட்டதா, எந்த வருடம் மூடினார்கள்? இந்தத் தெருவில் பாவு நீட்டினார்களா, கடைசியாக எப்போது? இந்தக் குட்டைக்கு என்ன பெயர், தண்ணீர் எங்கிருந்து வரும்? கேட்டால் சொல்ல இன்னும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் ஒரு ஓலைச்சுவடிதான், ஆனால் எந்தக் காப்பகத்திலும் வைக்க முடியாது.

நான் எங்கள் தெருவில் ஆரம்பித்துவிட்டேன். பாட்டியிடம் கேட்டதில் மட்டும் ஒரு பக்கம் நிறைந்தது. எந்தெந்த வீட்டு வாசலில் பாவுக்கு முளை அடிப்பார்கள் என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில், “இதையெல்லாம் எதுக்குடா எழுதறே, தெருதானே?” என்று கேட்டார்.

தெருதான் பாட்டி. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் ஊரில் இப்படிப் பெயர் மட்டும் மிஞ்சிய ஏரியோ, பாவு நீட்டிய தெருவோ, களத்துமேடோ இருந்தால் யாராவது ஒரு பெரியவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். தேதியைக் குறிக்க மறக்காதீர்கள். தேதி இல்லாத பதிவு கணக்கில் செல்லாது!